கட்டிய வேடமும் போட்ட வேடமும்

பள்ளி ஆண்டு விழாவின் மாறுவேடப் போட்டி என்றதும் நம் எல்லோர் நினைவிலும் எழுவது ஏறத்தாழ ஒரே வரிசைதான். கண்மையால் மீசை வரைந்து முண்டாசு கட்டிய பாரதி. தாத்தாவின் கைத்தடியையும் மூக்குக் கண்ணாடியையும் இரவல் வாங்கி வந்த காந்தி. அட்டைக் கத்தியை உயர்த்திப் பாதி வசனத்தில் அழுதுவிடும் கட்டபொம்மன். தலையில் மாவு பூசிய ஔவையார். இவர்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் பிள்ளைகள் அல்லர், பெற்றோர்களாகிய நாம். செலவு குறைவு, யாருக்கும் மனவருத்தம் இல்லை, கைதட்டல் உறுதி.

எங்கள் ஊர் நல்லூர். விருத்தாசலத்தை ஒட்டிய பகுதி. விருத்தாசலம் பீங்கான் பொம்மைகளுக்குப் பேர்போனது. அங்குள்ள பட்டறைகளில் பொம்மை பிறக்கும் விதத்தைப் பார்த்தவர்களுக்கு மாறுவேடப் போட்டி நன்றாகவே புரியும். கூழாகக் கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்ச, அதன் உட்சுவரில் மண் ஓர் ஏடாகப் படியும். படிந்ததும் மீதிக் கூழைக் கவிழ்த்துக் கொட்டிவிடுவார்கள். அச்சைப் பிரித்தால் வெளியே காந்தி, உள்ளே வெற்றிடம். எங்கள் பிள்ளைகளின் காந்திகளும் அப்படித்தான் மேடை ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

2018ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் எங்கள் மகன் படித்த பள்ளியில் ஒரு மாற்றம் செய்தார்கள். அந்த ஆண்டு மாறுவேடத்தின் தலைப்பு 'நாட்டு நடப்பு' என்று அறிவித்தார்கள். எங்களுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. நாளிதழும் சிற்றிதழும் வாசிக்கும் வீடு என்ற சிறு பெருமிதம் எங்களுக்கு எப்போதும் உண்டு. கடைசியில் நமக்கென்று ஒரு போட்டி வந்தது என்று நினைத்தோம்.

என்ன வேடம் என்பதில் எங்களிருவருக்கும் விவாதமே எழவில்லை. 2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துபோனது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அந்த மார்ச் 14 அன்று அய்யாக்கண்ணு தலைமையில் தமிழக விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்தார்கள். பயிர்க்கடன் தள்ளுபடியும் வறட்சி நிவாரணமும் கேட்டார்கள். பச்சைக் கோவணம் கட்டி, மண்டையோடுகளை முன்னால் வைத்து அமர்ந்திருந்த அவர்களின் படங்களை நாடே பார்த்தது. கடன் தாளாமல் உயிரை விட்டவர்களின் மண்டையோடுகள் அவை என்று அவர்கள் சொன்னார்கள். வாயில் எலியைக் கவ்வினார்கள், பாதித் தலையை மழித்துக்கொண்டார்கள், சேலை உடுத்தினார்கள், பாடை கட்டினார்கள். அந்தப் படங்களை நாங்கள் கத்தரித்து வைத்திருந்தோம்.

ஆக, எட்டு வயதுப் பையனுக்குப் பச்சைத் துணியில் கோவணம், உடம்பெங்கும் திருநீறு, கையில் திருவோடு என்று முடிவாயிற்று. மண்டையோடுதான் சிக்கல். பொம்மைப் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் கேட்டோம். பிள்ளையார், கிருஷ்ணன், புத்தர், யானை என்று எல்லாவற்றுக்கும் அச்சு இருந்தது; மண்டையோட்டுக்கு இல்லை. "இதை யாரு வாங்கிட்டுப் போய் வீட்ல வைப்பாங்க?" என்று சிரித்தார். பிறகு அவரே இரண்டு மாலை செலவிட்டுக் கையால் வனைந்து, மெருகு பூசாமல் சூளையில் வைத்துச் சுட்டுக் கொடுத்தார். அத்தனை அச்சுப் பொம்மைகளுக்கு நடுவே கையால் செய்த பொருள் அது ஒன்றே. பார்த்தவுடன் வயிற்றைப் பிசையும்படி இருந்தது. எங்களுக்கு மகிழ்ச்சி.

மேடையில் பையன் நன்றாகவே செய்தான். மண்டையோட்டை முன்னால் வைத்து, திருவோட்டை நீட்டி, நாங்கள் எழுதிக் கொடுத்த நான்கு வாக்கியங்களைத் தடுமாறாமல் சொன்னான். கடைசியில் கழுத்தில் துண்டைச் சுற்றி, தலையைச் சாய்த்தான். அந்தக் கடைசி அசைவும் எங்கள் யோசனைதான். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. முதல் பரிசு, ஓர் எவர்சில்வர் தட்டு.

இரண்டாம் வரிசையில் எங்கள் தெருவில் வசிக்கும் ஓர் அக்கா இருந்தார். அவருடைய மகளும் அதே வகுப்பு; குறத்தி வேடம் போட்டிருந்தாள். அக்காவின் கணவர் குத்தகை நிலத்தில் மக்காச்சோளம் வைத்திருந்தவர். போர் வற்றி, மானாவாரியும் பொய்த்த அந்த வறட்சி ஆண்டில் அவர் இறந்துபோனார். எப்படி இறந்தார் என்பதை எங்கள் தெருவில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. நாங்களும் இங்கே சொல்லப்போவதில்லை.

இதை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். சாவு வீட்டில் நின்றவர்கள். ஆனாலும் வேடத்துக்கான ஏற்பாடுகளில் மூழ்கியிருந்த இரண்டு வாரத்தில், டெல்லியின் விவசாயி நினைவிலிருந்தாரே ஒழிய எதிர்வீட்டு விவசாயி ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லை. ஒருவர் மறந்திருந்தாலும் மற்றவர் நினைவூட்டியிருக்கலாம். இருவருமே மறந்தோம்.

மறுநாள் காலை அக்கா மோர் கொண்டுவந்தார், வழக்கம்போல. சொம்பைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "புள்ளை நல்லா செஞ்சான் தம்பி. பயப்படாம பேசுறான்."

கொஞ்சம் நின்று, பிறகு கேட்டார்: "அவன் தலையைச் சாய்ச்சப்போ எல்லாரும் கை தட்டுனாங்களே... எதுக்குத் தட்டுனாங்க?"

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. சொம்பைக் கழுவிக் கொடுத்தோம்.

*

அந்தக் கேள்விக்குப் பிறகுதான், நடப்பைச் சொல்லும் வேடங்களைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினோம். தேடல் எங்கெங்கோ கொண்டுபோயிற்று. அவற்றுள் எங்களை அதிகம் யோசிக்கவைத்தது யூதர்களின் பூரிம் பண்டிகை.

பாரசீகப் பேரரசில் யூதர்களைப் பூண்டோடு அழிக்க ஆமான் என்ற அமைச்சன் திட்டமிடுகிறான். தன் குலத்தை மறைத்து அரசியாக இருக்கும் எஸ்தர், வேளை வந்தபோது அதை வெளிப்படுத்தித் தன் மக்களைக் காக்கிறாள். விவிலியத்தின் எஸ்தர் புத்தகம் சொல்லும் கதை இது. (எஸ்தர் என்றாலே தமிழ் வாசகர்களுக்கு வண்ணநிலவனின் சிறுகதையும், வறட்சியில் ஊரைவிட்டுப் போகும் அந்தக் குடும்பமும் நினைவுக்கு வராமலிராது. எங்களுக்கும் வந்தது.) தப்பிப் பிழைத்ததைக் கொண்டாடும் நாளில் சிறுவரும் பெரியவரும் வேடமிடுவார்கள். கதையை வாசிக்கையில் ஆமான் பெயர் வரும்போதெல்லாம் கிலுகிலுப்பையைச் சுழற்றியும் காலால் தரையைத் தட்டியும் அந்தப் பெயரையே கேட்கவிடாமல் செய்வார்கள். டெல் அவீவ் நகரில் 1912 முதலே பூரிம் ஊர்வலங்கள் நடந்திருக்கின்றன. அரசியல்வாதிகள், அன்றைய செய்திகள், வம்புகள் எல்லாம் வேடங்களாகத் தெருவுக்கு வரும். 2021இல் கொரோனா தடுப்பூசியே வேடமாக வந்தது.

இங்கே எங்கள் கண்ணில் பட்டது ஒன்றுதான். சாவிலிருந்து தப்பியவர்கள் தாங்களே வேடமிட்டுத் தங்களைக் கொல்ல வந்தவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இழப்பும் அவர்களுடையது, சிரிப்பும் அவர்களுடையது. எங்கள் வீட்டில் நடந்ததோ வேறு. இழப்பு எதிர்வீட்டில், தட்டு எங்கள் வீட்டில்.

*

நம்மிடம் இதற்கு மரபு இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசராவில் பக்தர்கள் நேர்ந்துகொண்டு காளியாகவும் குறவன் குறத்தியாகவும் காவலராகவும் பிச்சைக்காரராகவும் வேடமிடுகிறார்கள். வீடுவீடாகச் சென்று காணிக்கை பெற்று அதைக் கோயிலில் சேர்க்கிறார்கள். ஊரில் செல்வாக்கோடு இருப்பவரும் அந்த நாட்களில் தட்டேந்தி நிற்கவேண்டும். பரிசு கிடையாது. வேடம் அங்கே ஒரு நோன்பு.

விடுதலைப் போராட்டக் கால நாடக மேடையில் விசுவநாத தாஸ் முருகனாக வந்தார். முடிதிருத்தும் சமூகத்தில் 1886இல் பிறந்தவர். வள்ளி திருமணத்தில் தினைப்புனத்துப் பறவைகளை விரட்டுவது கதையில் உள்ளதுதான். வெள்ளைக் கொக்கைப் பற்றி அவர் பாடியபோது எந்த வெள்ளை என்று கொட்டகையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வெளியே நின்ற போலீசுக்கும் தெரிந்திருந்தது. மீண்டும் மீண்டும் சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகன் வேடத்தோடு மேடையிலேயே உயிர் நீத்தார்.

வேடத்துக்கு அரசு எவ்வளவு அஞ்சியது என்பதைச் சட்டங்களே சொல்கின்றன. ஆங்கிலேயர் 1876இல் நாடக நிகழ்த்துச் சட்டம் கொண்டுவந்தார்கள். விடுதலைக்குப் பிறகு, எம்.ஆர். ராதாவின் நாடகங்கள் கொதித்துக்கொண்டிருந்த 1954இல், சென்னை மாகாணம் தனக்கென ஒரு சட்டத்தை இயற்றியது. அதன் முக்கியப் பிரிவுகளை, ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல்தான் செல்லாதவை என்றது. 1876ஆம் ஆண்டுச் சட்டம் நாடாளுமன்றத்தால் நீக்கப்பட்டது 2018இல், எங்கள் பையன் மேடையேறிய அதே ஆண்டில். அந்தச் சட்டத்துக்கு அஞ்ச வேண்டியவராக எங்கள் மேடையில் ஒருவரும் இல்லை என்பதும் இப்போது உறைக்கிறது.

இன்று அரசே வேடம் கட்டுகிறது. தலைக்கவசம் அணியாதவரை மறிக்க எமன் பாசக்கயிற்றோடு சாலைக்கு வருகிறான். 2020 மார்ச்சில் சென்னையில் காவல் ஆய்வாளர் ஒருவர் கொரோனா கிருமி வடிவில் தலைக்கவசம் அணிந்து வாகனங்களை நிறுத்தினார். இவற்றைக் குறைசொல்ல நாங்கள் வரவில்லை. சில உயிர்களை அவை காத்தும் இருக்கலாம். ஆனால் இந்த எமன் சாமானியனுக்கு மட்டுமே அறிவுரை சொல்வான். சாலையில் ஏன் குழி என்று அவன் யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை.

*

கேட்பவன் ஒருவன் எங்கள் நடுநாட்டில் இருக்கிறான். கட்டியங்காரன்.

அதே 2018இல், பக்கத்து ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் விழாவில் கூத்து நடந்தது. துகிலுரிதல் இரவு. அக்காவும் மகளும் எங்களோடுதான் வந்திருந்தார்கள். பாய் விரித்து அருகருகே அமர்ந்திருந்தோம். அக்காவிடம் இயல்பாகப் பேசினாலும், அந்தக் காலைக்குப் பிறகு எங்களுக்குள் ஒரு கூச்சம் இருந்துகொண்டே இருந்தது.

கூத்தில் அரசர்களுக்குக் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் உண்டு. கட்டியங்காரனுக்கு அவ்வளவு பாரம் கிடையாது. கூம்புக் குல்லாய் போதும். அன்று வந்தவர் குல்லாயோடு ஒரு பழைய கறுப்புக் கோட்டையும் மாட்டி, துண்டை டையாக முடிந்து, காதில் பேனா சொருகியிருந்தார். யார் என்று யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. கூட்டம் முன்கூட்டியே சிரிக்கத் தொடங்கிவிட்டது.

தருமர் நாட்டைப் பணயமாக வைத்ததும் கட்டியங்காரன் குறுக்கே வந்தார். "சாமி, நில்லுங்க. நாட்டை வைக்கிறீங்களே, சிட்டா அடங்கல் எடுத்தாந்தீங்களா? வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சா? ஆதார் அட்டை எங்க?" தருமர் விழித்தார். தம்பியரை வைத்தார், தன்னையே வைத்தார், திரௌபதியையும் வைத்தார். ஒவ்வொன்றுக்கும் கட்டியங்காரன் படிவம் எழுதினார். பிறகு எல்லாம் இழந்த தருமருக்கு மறு ஆட்டம் உண்டு என்ற பேச்சு வந்ததும், காதிலிருந்த பேனாவை எடுத்துத் துரியோதனன் பக்கம் நீட்டினார்:

"இது நல்லாருக்கே ராஜா! ஒரு ஏக்கர்காரன் ஒரு தவணை விட்டா அவன் வாசல்ல வந்து தண்டோரா போடுறீங்க. நாட்டையே தோத்தவனுக்கு மறுபடி காய் உருட்டக் குடுக்கிறீங்க. அப்போ நாங்க கொஞ்சமா தோத்ததுதான் தப்பா?"

வங்கிக் கடன்களை ஏப்பமிட்டு வெளிநாட்டுக்குப் பறந்தவர்களின் பெயர்கள் செய்தித்தாள்களில் அடிபட்டுக்கொண்டிருந்த ஆண்டு அது. ஒருவர் பெயரையும் அவர் சொல்லவில்லை. பாய்கள் குலுங்கின. நாங்கள் அக்காவைப் பார்க்க அஞ்சி, பிறகு பார்த்தோம். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிந்தது. சிரிப்பினால்தான் என்று எங்களால் உறுதியாகச் சொல்லமுடியாது. அந்த இரவுக்குப் பிறகு அவர் எங்களிடம் தம் கணவரைப் பற்றி முதல்முறையாகப் பேசினார். எவ்வளவு கடன், எந்தத் தவணை, யார் வந்து என்ன சொன்னார்கள் என்று எல்லாவற்றையும்.

அதே கடன், அதே வறட்சி. எங்கள் வேடம் அவரை வாயடைக்கச் செய்தது. கட்டியங்காரனின் வேடம் அவரைப் பேசவைத்தது. என்ன வேறுபாடு? நாங்கள் செத்தவனின் வேடத்தைப் போட்டோம். அவர் வாசலில் வந்து நின்றவனின் வேடத்தைக் கட்டினார். நாங்கள் பார்வையாளர்களிடம் இரக்கம் கேட்டோம். இரக்கத்துக்குக் கைதட்டலே போதுமானதாக இருந்தது. அவர் அரசனிடம் கணக்குக் கேட்டார்.

அப்படியென்றால் டெல்லியில் அமர்ந்தவர்கள்? அவர்களும் சாவைத்தானே அணிந்திருந்தார்கள் என்று நண்பர்கள் கேட்கலாம். நாங்களும் எங்களுக்குள் கேட்டுக்கொண்டோம். அவர்கள் அணிந்தது தங்கள் சாவை. கோவணமும் கடனும் ஒருவருடையதே. நேற்றைய வேடத்துக்கு யாரும் அசையவில்லை என்பதால் இன்று இன்னொன்று என 41 நாட்கள் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஏப்ரல் 10 அன்று பிரதமர் அலுவலகத்தருகே கடைசித் துணியையும் களைந்து ஓடினார்கள். வேடம் தீர்ந்துபோனவர்கள் செய்யக்கூடியது அது ஒன்றுதான். அதைக் கோமாளித்தனம் என்றவர்கள் உண்டு. நாங்கள் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படங்களைக் கத்தரித்து, அவர்களைப் பாரதியும் காந்தியும் இருந்த அதே அச்சில் ஊற்றினோம். எது மோசம் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

கூத்தாடுபவர்கள் வேஷம் கட்டுவது என்றுதான் சொல்வார்கள்; வேஷம் போடுவது என்ற சொல்லுக்கு ஊர்வழக்கில் வேறு பொருள். உடம்போடு கட்டியதை அவிழ்க்கும்வரை அதற்கு நாம் பொறுப்பு. போட்டதைக் கழற்றி எறிந்துவிடலாம். மொழி இந்த வேற்றுமையை எப்போதோ கண்டுகொண்டது. நாங்கள் தாமதமாகக் கண்டுகொண்டோம்.

*

அடுத்த ஆண்டு விழாவுக்கு என்ன வேடம் என்று நாங்கள் கேட்கவில்லை. பையனே சொன்னான், கூத்தில் பார்த்த குல்லாய் வேண்டுமாம். காலண்டர் அட்டையைச் சுருட்டி ஒட்டிக் கொடுத்தோம். அக்காவின் மகள் அதன்மேல் ஜிகினாத்தாள் ஒட்டினாள். வசனம் எதுவும் எழுதித் தரவில்லை. மேடையேறியவன் சிறிது நேரம் திருதிருவென்று விழித்தான். பிறகு முன்வரிசையில் மாலையோடு அமர்ந்திருந்த சிறப்பு விருந்தினரைப் பார்த்து, கட்டியங்காரன் அரசனைக் கேட்கும் முதல் கேள்வியைக் கேட்டான்: "வந்திருக்கிறது யாரு? எந்த நாட்டு ராஜா? இங்க என்ன வேலையா வந்தீங்க?"

ஒரு நொடி நிசப்தம். பின்வரிசைகள் முதலில் சிரித்தன. விருந்தினர் சற்றுத் தாமதமாகச் சிரித்தார். பரிசு கிடைக்கவில்லை.

மண்டையோடு இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. கரைத்துவிடலாமா என்று பட்டறை நண்பரிடம் கேட்டோம். சுட்டது இனிக் கரையாது என்றார். உடைத்துப்போட எங்கள் இருவருக்குமே கை வரவில்லை. ஆண்டுக்கொரு முறை பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழிக்கும்போது அது கையில் தட்டுப்படும். அக்கா கேட்ட கேள்வியும் அப்போது கூடவே வரும். எதற்குக் கைதட்டினார்கள் என்பதற்கு இன்றுவரை அவரிடம் நாங்கள் பதில் சொல்லவில்லை.